மனேச்சரின் வாளியடுப்பு

யாழ்ப்பாணத்தில் சண்டை நெருங்கி, வலிகாமத்துச் சனம் முழுதும் ஊரை விட்டு ஒன்றாகத் தெருவில் இறங்கி நடந்த அந்த ஐப்பசி மாதத்தில், ஆளாளுக்கு ஏதோ ஒன்றைத் தூக்கிக்கொண்டார்கள். நகையைத் தூக்கியவர்கள் உண்டு, காணி உறுதியைத் தூக்கியவர்கள் உண்டு, ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர்களும் உண்டு. கோண்டாவில் தியாகராசா சைக்கிள் கரியரில் ஒரு பழைய தகரப் பெயின்ற் வாளியை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்.

“வீடு வாசலையே விட்டிட்டுப் போறம், உந்த வாளி என்னத்துக்கு?” என்று மனைவி மீனாம்பிகை கேட்டாள்.

“போற இடத்திலை உமக்கு ஆர் உலை வைச்சுக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கினம்?” என்றார் அவர்.

பார்க்க வாளி என்றாலும் அது அடுப்பு. மண்ணெண்ணெயைக் கண்ணால் காணக் கிடைக்காத வருடங்களில் அவரே இருந்து செய்தது. வாளியின் அடிப்பக்கத்தில் ஒரு வாய் வெட்டி, உள்ளே புற்றுமண்ணையும் உமியையும் குழைத்துப் பூசி, நடுவில் ஒரு குழி விட்டு, விளிம்பில் பானை இருக்க மூன்று இரும்புத் துண்டுகளை நிறுத்தியிருந்தார். பிடியில் பிடித்துத் தூக்கினால் அடுப்பு எங்கேயும் கூட வரும். வாய் சின்னது, பெரிய விறகு கொள்ளாது. விரல் பருமனில் சுள்ளி வேண்டும், அதுவும் நன்றாகக் காய்ந்த சுள்ளி. காய்ந்திருந்தால் ஒரு பிடியில் சோறு வெந்துவிடும். ஈரச் சுள்ளியை வைத்தால் புகை கக்கி வீட்டுக்காரரையே அழவைத்துவிடும்.

தியாகராசா கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். சங்கக்கடை மனேச்சர்தானே என்று லேசாக நினைத்துவிடக் கூடாது. சாமான் தட்டுப்பாடான காலத்தில் ஊரே அவர் முன்னால் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றது. டொக்டரும் நின்றார், குருக்களும் நின்றார். அவர் நேர்மையான மனிதர். சங்கத்துச் சீனியில் ஒரு கரண்டி வீட்டுக்குப் போனதில்லை. ஆனால் கேட்டு நிற்கிற முகங்களையே காலம் முழுக்கப் பார்த்ததில், கேட்கிறவன் கொஞ்சம் குறைந்தவன் என்று ஒரு எண்ணம் அவருக்குள் ஊறிப்போயிருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு நெருப்புப்பெட்டி கேட்டு வாங்கியது கிடையாது. மீனாம்பிகை கேட்டு வாங்கினாலும் மூன்று நாளைக்கு முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மனிதருக்கு வேலி என்றால் உயிர். யாழ்ப்பாணத்தில் யாருக்குத்தான் இல்லை? ஆனால் இவருக்குக் கூட. மச்சான் முறையான ஒருவர் எல்லை வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டார் என்று வருடக்கணக்காக வழக்காடிக் கோட்டுக்கு நடந்தவர். வேலியைப் பற்றி வழக்குப் பேச வந்த அப்புக்காத்துக்கே பாடம் எடுத்தவர் என்று ஊரில் பகிடி. “வேலியிலை கை வைக்கிறவன் வீட்டுக்குள்ளை கை வைக்கிறவன்” என்று நீதவானுக்கு முன்னால் நின்று சொன்னாராம். அந்த மனிதருக்குத்தான் இந்தக் கதை நடந்தது.

மீசாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. இடம் என்றால் விறாந்தையில் ஒரு பாய் விரிக்கிற இடம். வகுப்பறைகள் முதல் வந்தவர்களுக்குப் போய்விட்டன. மழை பிடித்துக்கொண்டது. முற்றத்தில் கல்லு வைத்துச் சமைத்தவர்களின் அடுப்புகளெல்லாம் தண்ணீருக்குள் கிடந்தன. பெண்கள் சேலைத் தலைப்பால் புகையை விசுக்கி விசுக்கிக் கண் சிவந்து நின்றார்கள். தியாகராசா வாளியை விறாந்தை மூலையில் வைத்து, சைக்கிள் கரியரில் பொலித்தீன் சுற்றிக் கொண்டுவந்த சுள்ளியை எடுத்து மூட்டினார். தகரத்துக்குள் நெருப்பு ‘உஸ்’ என்று பிடித்தது. புகை இல்லை. சனம் திரும்பிப் பார்த்தது.

அதோடு மனிதர் விறாந்தைக்கு ராசாவாகிவிட்டார். “மனேச்சர் அண்ணையின்ரை அடுப்பு” என்று பெயரும் வைத்தாயிற்று. ஒருத்தர் தேத்தண்ணிக்குக் கேத்தல் கொண்டுவருவார், ஒருத்தி தகப்பனுக்குக் கஞ்சி வைக்கச் சட்டி கொண்டுவருவாள். தியாகராசா பள்ளிப் பிள்ளைகள் இருக்கிற சின்ன வாங்கில் ஒன்றில் குந்தியிருந்து, “வையுங்கோ, வையுங்கோ. ரெண்டு சுள்ளி போதும்” என்பார். கேட்டு வந்து நிற்கிற முகங்களைத் திரும்பவும் பார்த்ததில், வீடு இழந்த கவலைகூட அவருக்குப் பாதி குறைந்துவிட்டது என்று மீனாம்பிகை நினைத்துக்கொண்டாள். அவளுக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் பாவம் என்று விட்டுவிட்டாள்.

விறாந்தையின் மற்ற அந்தலையில், கூரை ஒழுகுகிற இடத்தில், குருநகர்க் குடும்பம் ஒன்று இருந்தது. கனிசியஸ் என்று கடலுக்குப் போகிற இளைஞன், அவன் மனைவி அற்புதராணி, கைக்குழந்தை ஒன்று. அந்தப் பள்ளிக்கூடத்தில் குருநகர் ஆட்கள், கடற்தொழில் சனம், அவர்கள் மட்டும்தான். ஒழுகாத இடங்கள் இருந்தும் அவர்களுக்கு ஏன் ஒழுகுகிற இடம் கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எல்லோரும் வேறு பக்கம் பார்த்திருப்பார்கள். குழந்தைக்குத் தாய்ப்பால் போதவில்லை. அற்புதராணி காலையும் பின்னேரமும் ஒரு சின்னப் பாத்திரத்தில் மாட்டுப்பால் கொண்டுவந்து, தியாகராசாவின் அடுப்புக்குப் பக்கத்தில் தள்ளி நின்று, “ஐயா, ஒருக்கால் காய்ச்சித் தருவியளோ?” என்பாள். அவர் மற்றவர்களின் கேத்தலை இறக்கிவிட்டுப் பாலை வைப்பார். அந்தக் குணம் அவரிடம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது.

பால் வந்தது பக்கத்து வளவில் இருந்து. பாலேஸ்வரி என்று நாற்பது தாண்டிய பெண், தனியாக ஒரு மாட்டோடு இருந்தாள். புருஷன் இல்லை, பிள்ளைகளும் இல்லை. பள்ளிக்கூடத்துக் கிணற்றுக்குள் வெள்ளம் புகுந்துவிட்டதால் முகாம் முழுவதும் அவள் கிணற்றில்தான் தண்ணீர் அள்ளியது. முதல் நாளே வேலிப் படலையைத் திறந்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: “தண்ணி எவ்வளவும் அள்ளுங்கோ. வேலியிலை மட்டும் கை வையாதேங்கோ. நான் தனிச்ச பொம்பிளை.”

“ஒரு ஈர்க்கும் அசையாது, தங்கச்சி. அதுக்கு நான் பொறுப்பு” என்றார் தியாகராசா. யாரும் அவரைப் பொறுப்புக் கேட்கவில்லை. தானாக வாங்கித் தலையில் போட்டுக்கொண்டார்.

கொண்டுவந்த சுள்ளி முடிந்தது. மழை விட்டபாடில்லை. றோட்டுக்கரையில் பொறுக்கியதெல்லாம் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். ஒரு நாள் ஈரச் சுள்ளியை வைத்து ஊதுகுழலால் ஊதி ஊதி மனிதருக்கு மூச்சு வாங்கியது. விறாந்தை முழுதும் புகை. கேத்தலோடு வந்தவர் ஒருத்தர், “என்ன அண்ணை, ரெண்டு சுள்ளி போதும் எண்டியள்?” என்று சிரித்தார். பகிடிதான். ஆனால் தியாகராசாவுக்குக் காதுமடல் சுட்டது. அற்புதராணி பால் பாத்திரத்தோடு நின்று நின்று, காய்ச்சாமலே கொண்டுபோனாள். அதுவும் அவரைக் குத்தியது.

அன்றைக்குப் பொழுதுபட்டு இருள்கிற மம்மல் நேரத்தில் அவர் குடையோடு விறாந்தைக்கு எதிர்ப்பக்கம், முற்றத்து மூலைக்குப் போனார். பாலேஸ்வரியின் வேலி அங்கே இருந்தது. ஆனி மாதம் புதிதாக அடைத்த வேலி, பனையோலை அடுக்கு அடுக்காக இறுகியிருந்தது. ஓலையைக் குறுக்கே இறுக்கிப் பிடித்து அதற்குள் ஒளிந்து கிடந்த வரிச்சுத் தடிகள், கீறிய பனைமட்டை, மழை படாமல் காய்ந்து கணீர் என்று இருந்தன. அந்தப் பருமன் வாளியடுப்பின் வாய்க்கென்றே கீறியது போல இருந்தது. தியாகராசா குடையை மடித்தார். பேனாக்கத்தியை எடுத்தார்.

வேலி தெரிந்த மனிதர். எந்த வரிச்சை உருவினால் வேலி நிற்கும், எதை உருவினால் சாயும் என்று அவருக்குத் தெரியும். ஒன்றை விட்டு ஒன்றாக, ஓலை குலையாமல், நார்க்கட்டை மட்டும் அறுத்து உருவினார். ஒரு கள்ளன் இவ்வளவு பக்குவமாகச் செய்திருக்க மாட்டான். ‘குழந்தைக்குப் பால் காய்ச்சத்தானே’ என்று தனக்குச் சொன்னார். ‘வெயில் வந்ததும் நானே இருந்து அடைச்சுக் குடுத்திடுவன்’ என்றும் சொன்னார். பக்கத்தில்தான் படலை. போய்த் தட்டி, ‘தங்கச்சி, கொஞ்சம் காஞ்ச விறகு கிடக்குமோ’ என்று கேட்டால் முடிந்தது. அந்த வசனத்தை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நாக்கு வரவில்லை. வேலியை அறுக்க வந்த கைக்கு, படலையைத் தட்ட வரவில்லை.

அடுத்த நாள் அடுப்பு திரும்பவும் ‘உஸ்’ என்றது. பால் பொங்கியது. கேத்தல்கள் வரிசைக்கு வந்தன. “மனேச்சர் அண்ணைக்கு மட்டும் எங்காலை காஞ்ச விறகு?” என்று கேட்டவர்களுக்கு, “அதெல்லாம் தேடத் தெரியவேணும்” என்றார்.

மீனாம்பிகை சுள்ளியை முறிக்கும்போது ஒரு துண்டில் பனைநார் முடிச்சு ஒட்டியிருந்தது. அவளுக்கும் வேலி தெரியும். யாழ்ப்பாணத்துப் பெண்.

“இஞ்சருங்கோ, இது எங்கை எடுத்தது?”

“கோயில் வீதியிலை கிடந்தது, பொறுக்கினனான். நீர் பேசாமல் அடுப்பிலை வையும்.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் ஊதுகுழலைத் துடைத்துக்கொண்டிருந்தார். முடிச்சோடு அந்தத் தடியை அவள் எரிக்கவில்லை. பாய்க்குக் கீழே வைத்தாள். மற்றதை எரித்தாள். சோறு வெந்தது, அவள்தான் பரிமாறினாள், ஆனால் அன்றைக்கு அவளுக்கு இறங்கவில்லை. கட்டின புருஷனைக் கள்ளன் என்று சொல்ல வாய் வரவில்லை.

இன்னும் சில மம்மல் பொழுதுகள் போயின. ஒன்றை விட்டு ஒன்று என்ற கணக்கும் மெல்ல மறந்துபோனது. சனம் கேட்கக் கேட்க அவர் உருவினார். மம்மலுக்குள் யாரும் பார்க்காத மூலை என்றுதான் அந்த இடத்தைத் தெரிந்தெடுத்திருந்தார். அந்த மூலை யாரும் பார்க்காத மூலையாக ஏன் அடைக்கப்பட்டிருந்தது என்று மட்டும் இவ்வளவு வேலி தெரிந்த மனிதர் யோசிக்கவில்லை. அதற்கு அப்பால் கிணற்றடி. தண்ணீருக்கு ஆட்கள் வர முந்திப் பாலேஸ்வரி குளிக்கிற இடம்.

ஒரு காலை மழை விட்டுக் காற்று அடித்தது. விறாந்தையில் பல் விளக்குகிறவர்களும், வாளியோடு தண்ணீருக்குப் போக நிற்கிறவர்களுமாக ஒரே சனம். காற்று ஒரு உலுப்பு உலுப்பியது. மூலை வேலி ஓலையோடு சேர்ந்து அப்படியே படுத்துவிட்டது. அங்கே கிணற்றுத் துலாவுக்குப் பக்கத்தில் பாலேஸ்வரி குறுக்குக்கட்டோடு, தலையில் சவர்க்கார நுரையோடு நின்றாள்.

அவள் கத்தவில்லை. இரண்டு கையாலும் தன்னைப் பொத்திக்கொண்டு அப்படியே குந்திவிட்டாள். விறாந்தையில் ஆண்கள் முகத்தைத் திருப்பினார்கள், எல்லோரும் இல்லை. மீனாம்பிகைதான் ஒரு சீலையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சீலையால் மூடி அவளை வீட்டுக்குள் கொண்டுபோகும்போது பாலேஸ்வரியின் பற்கள் கிடுகிடுத்தன. குளிரினால் மட்டும் இல்லை. உள்ளே போனவள் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் படலையில் சங்கிலி விழுந்தது.

தியாகராசா அடுப்புக்கு முன்னால் இருந்தார். பால் பொங்கி வழிந்து நெருப்பில் விழுந்து நாறியது. அவருக்குத் தெரியவில்லை. மண் பிளந்து விழுங்கினால் நல்லது என்று அந்த மனிதர் உண்மையாகவே நினைத்தார்.

முகாமுக்குப் பொறுப்பாக இருந்தவர் அதே பள்ளிக்கூடத்து ஆசிரியர் அருளம்பலம் மாஸ்ரர். அவர் விழுந்த வேலியைப் பார்த்தார், அறுத்த கட்டுகளைப் பார்த்தார். தண்ணீர் இல்லாத வாளிகளோடு சனம் சுற்றி நின்றது. யாரோ, “கத்தி கித்தி வைச்சிருக்கிறது ஆர்?” என்றார்கள். யாரோ, “விடிய முந்தி எழும்பித் திரியிறது ஆர்?” என்றார்கள். ஒருத்தரும் பெயர் சொல்லவில்லை, ஆனால் எல்லாக் கண்களும் விறாந்தையின் ஒழுகுகிற அந்தலைக்குப் போயின. கனிசியஸிடம் மீன் வெட்டுகிற கத்தி ஒன்று இருந்தது. கடலுக்குப் போன பழக்கத்தில் இருட்டோடு எழும்புகிறவன். போதாதா?

“நான் எடுக்கேல்லை, மாஸ்ரர்” என்றான் கனிசியஸ். “எங்களுக்கு அடுப்பே இல்லை. நான் என்னத்துக்கு வேலி பிடுங்கிறன்?”

“அடுப்பில்லாட்டி விக்கேலாதோ?” என்றது ஒரு குரல்.

அருளம்பலம் தியாகராசாவிடம் திரும்பினார். “அண்ணை, உங்களுக்குத்தான் வேலி வித்துவம் தெரியும். ஒருக்கால் வந்து பார்த்துச் சொல்லுங்கோ.”

அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். தான் அறுத்த கட்டுகளைத் தானே குனிந்து பார்த்தார். பேனாக்கத்தியின் வெட்டு நேராக, சுத்தமாக இருந்தது. மீன் கத்தி இப்படி வெட்டாது என்று சொல்லியிருக்கலாம். அதைக்கூடச் சொல்லவில்லை. “வேலியை நான் அடைச்சுக் குடுக்கிறன்” என்றார். அது மட்டும்தான் வந்தது.

“பாருங்கோ!” என்றார் அருளம்பலம் சனத்தைப் பார்த்து. “ஆரோ செய்த வேலைக்கு ஆர் நட்டப்படுகிறது? இந்த வயதிலை மழைக்குள்ளை நிண்டு வேலி அடைக்கப் போறாராம். மனிசர் எண்டா இப்பிடி இருக்கவேணும்.” பிறகு கனிசியஸிடம், “தம்பி, பிரச்சினை வேண்டாம். பின்னேரத்துக்குள்ளை வேறை இடம் பாருங்கோ. அந்தப் பொம்பிளை படலையைத் திறக்கவேணுமெண்டா நீங்கள் இஞ்சை இருக்கேலாது” என்றார்.

அற்புதராணி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அழாமல் இருந்தாள். அவள் தியாகராசாவைப் பார்த்தாள். நல்ல மனிதர், ஏதாவது சொல்வார் என்று பார்த்த பார்வை. அவர் குடையைத் தேடுவது போலத் திரும்பிக்கொண்டார்.

வேலி அடைப்பது ஒரு ஆள் வேலை இல்லை. வெளியே ஒருத்தர் நின்று குத்தூசியில் நாரைக் கோத்து ஓலைக்குள்ளால் குத்துவார். உள்ளே நிற்கிறவர் ஊசியை வாங்கி, வரிச்சைச் சுற்றித் திருப்பிக் குத்துவார். அன்று உள்ளே நிற்பதற்கு யாரும் போக முடியவில்லை. பாலேஸ்வரி எந்த ஆணும் உள்ளே வரக்கூடாது என்று மீனாம்பிகையிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். தானே வந்து நின்றாள். ஓலை வைத்து மறைத்த பிறகுதான் வந்தாள். தியாகராசாவுக்கு அவள் முகம் தெரியவில்லை. ஊசி போகும், ஊசி வரும். அந்தப் பக்கம் வளையல் இல்லாத கை ஒன்று ஓலையை அமத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

கீழ்க்கட்டு முடிந்தது. நடுக்கட்டுக்கு வந்தபோது அவர் ஊசியைக் குத்தாமல் நின்றார்.

“என்ன, நார் முடிஞ்சுதோ?” என்றாள் அந்தப் பக்கத்தில்.

“தங்கச்சி.”

“ஓம்.”

“உந்தப் பெடியன் எடுக்கேல்லை. நான்தான் எடுத்தனான்.”

மாடு எங்கேயோ கத்தியது. தியாகராசா ஓலையில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார்.

“அடுப்புக்குக் காஞ்ச தடி இல்லை. எல்லாரும் அடுப்பை நம்பி வருகினம். எடுத்துப்போட்டன்.”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, அண்ணை” என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. “மாட்டுக்கொட்டிலுக்குள்ளை பூவரசம் விறகு அட்டி அடுக்கிக் கிடக்கு. எனக்கொருத்திக்கு என்னத்துக்கு? தண்ணி தந்தனான், பால் தந்தனான். விறகு தராமல் விட்டிருப்பனோ?”

“எனக்குக் கேட்டுப் பழக்கமில்லை.”

“எனக்கும்தான், அத்தனை ஆம்பிளையளுக்கு முன்னாலை அப்பிடி நிண்டு பழக்கமில்லை.”

அவர் அழுதார். அறுபது வயதுக்கு மேல், ஓலைக்கு இந்தப் பக்கம் நின்று, குத்தூசியைக் கையில் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை போல அழுதார். அவள் ஆறுதல் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

“எனக்குச் சொன்னது காணும்” என்றாள் கடைசியில். “அந்தப் பிள்ளைக்காரரை மழைக்குள்ளை அனுப்பப் போகினமாம். போய் அதை முதல் நிப்பாட்டுங்கோ. மிச்சக் கட்டைப் பிறகு பார்ப்பம்.”

அவர் விறாந்தைக்கு ஓடினார் என்றே சொல்ல வேண்டும். கனிசியஸ் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அருளம்பலம் அதைப் பார்த்தபடி நின்றார். சனமும் நின்றது.

“மாஸ்ரர், வேலி வெட்டினது நான். அந்தத் தம்பி இல்லை.”

அருளம்பலம் அவர் தோளில் கையை வைத்தார். “அண்ணை, உங்கடை மனசு எங்களுக்குத் தெரியும். கைப்பிள்ளைக்காரர் எண்டு பாவம் பார்க்கிறியள். அதுக்காகப் பழியைத் தூக்கி உங்கடை தலையிலை போடாதேங்கோ.”

“பாவம் பார்த்துச் சொல்லேல்லை! நான்தான் எடுத்தனான். மம்மலுக்குள்ளை போய், பேனாக்கத்தியாலை…”

“மனேச்சர் அண்ணை வேலி பிடுங்கினவராம்!” என்று யாரோ சொல்ல, விறாந்தையில் ஒரு சிரிப்பு எழும்பியது. அன்பான சிரிப்பு. கன்னத்தில் அடித்திருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் குரல் உயர உயர, அவருடைய மதிப்பும் உயர்ந்துகொண்டே போனது. ஒரு கிழவர் கண்ணைக்கூடத் துடைத்தார்.

அப்போது மீனாம்பிகை எழும்பினாள். பாய்க்குக் கீழே கையை விட்டு, நார் முடிச்சோடு இருந்த அந்தத் தடியை எடுத்து எல்லோருக்கும் முன்னால் நிலத்தில் போட்டாள்.

“இவர் சொல்லுறது உண்மை. வேலி வரிச்சுத்தான் இந்த அடுப்புக்குள்ளை எரிஞ்சது. முறிச்சு எரிச்சது நான். நீங்கள் குடிச்ச தேத்தண்ணியும் உதிலைதான் கொதிச்சது.”

ஒரு பெண் தன் புருஷனைப் பற்றிச் சபையில் அப்படிச் சொன்னால் அது பொய்யாக இருக்க முடியாது. சிரிப்பு நின்றது. தியாகராசா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இனி வசவு வரும் என்று காத்துக்கொண்டிருந்தார். வர வேண்டும் என்று விரும்பினார்.

அருளம்பலம் தொண்டையைச் செருமினார். சனத்தைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். “சரி… இப்ப என்ன? அண்ணை தனக்காகவோ எடுத்தவர்? குழந்தைக்குப் பால் காய்ச்ச, ஆக்களுக்குத் தேத்தண்ணி வைக்க எடுத்தவர். ஒரு அவசரத்துக்கு எடுத்தது. அதைக் களவெண்டு சொல்லேலாது.”

“ஓமோம், அவசரத்துக்குத்தானே” என்று சனமும் சொன்னது. எல்லோருக்கும் மூச்சு வந்தது. கொஞ்சம் முன்பு அதே தடிக்குக் களவு என்று பெயர், அதற்குத் தண்டனை பின்னேரத்துக்குள் வெளியேறுவது. இப்போது அவசரம் என்று பெயர் மாறிவிட்டது, தண்டனை ஒன்றும் இல்லை. ஒருத்தருக்கும் அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டு பேருக்குத் தெரிந்தது, அந்த இரண்டு பேரும் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

“தம்பி, நீ போகத் தேவையில்லை, நில்லு” என்றார் அருளம்பலம், பெரிய வரம் கொடுப்பது போல.

“இல்லை மாஸ்ரர்” என்றான் கனிசியஸ். “கொடிகாமப் பக்கத்திலை ஒரு சேர்ச்சிலை எங்கடை ஆக்கள் இருக்கினமாம். நாங்கள் போறம்.” குரலை உயர்த்தவில்லை. கயிற்றை இழுத்து முடிந்தான். அற்புதராணி குழந்தையைத் துவாயால் சுற்றினாள். பால் பாத்திரத்தைக் கழுவி மூட்டைக்குள் வைத்தாள், காய்ச்சத் தரவில்லை.

மழை திரும்பவும் தூறத் தொடங்கியது. அவர்கள் முற்றத்தில் இறங்கினார்கள். தியாகராசாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. அதுவும் ஒரு கேட்பதுதான். அடுப்புக்குள் கிடந்த தணலையும் சாம்பலையும் முற்றத்தில் கொட்டினார். பிடியில் தூக்கிக்கொண்டு மழைக்குள் அவர்களுக்குப் பின்னால் போனார். வாளி இன்னும் சுட்டது.

“தம்பி, இதைக் கொண்டு போங்கோ. பிள்ளைக்குப் பால் காய்ச்ச உதவும். எனக்கு வேண்டாம்.”

கனிசியஸ் நின்று திரும்பினான். அடுப்பைப் பார்த்தான். அற்புதராணியும் பார்த்தாள், ஆசையாகத்தான் பார்த்தாள். விறாந்தையில் நின்ற அவ்வளவு சனமும் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றது.

“வேண்டாம் ஐயா” என்றான் அவன். “இதை நாங்கள் கொண்டு போனா, இதையும் களவெடுத்துக்கொண்டு போட்டினம் எண்டு சொல்லுவினம்.”

அவர்கள் றோட்டில் ஏறிக் கொடிகாமப் பக்கம் நடந்தார்கள். தியாகராசா அடுப்போடு மழைக்குள் நின்றார். உள்ளே வரச் சொல்லி மீனாம்பிகை கூப்பிடவில்லை.